தேர்வறையில் இல்லாதவன்

"ஏன்?" என்று கேட்டான் கடைசி வரிசையில் இருந்தவன்.

வீப்கே சுண்ணக்கட்டியோடு நின்றாள். கரும்பலகையில் அவள் எழுதிய பெருக்கல்கள் படிபோல் இறங்கியிருந்தன. மூன்று தடவை மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு. இரண்டு தடவை, மைனஸ் நான்கு. ஒரு தடவை, மைனஸ் இரண்டு. பூஜ்யம் தடவை, பூஜ்யம். படிக்குப் படி விடை இரண்டு கூடுகிறது. இன்னும் ஒரு படி வைத்தால் மைனஸ் ஒன்று தடவை மைனஸ் இரண்டு... ப்ளஸ் இரண்டு.

கணக்கு ஆசிரியர்களாகப் போகிறவர்களின் வகுப்பு அது. ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். வழக்கமாக எல்லோரும் இரக்கத்தோடுதான் நடிப்பார்கள்.

"ஏன்னா... இதுவரைக்கும் ரெண்டு ரெண்டாத்தானே ஏறிட்டு வந்துச்சு."

"வந்துச்சு. பூஜ்யத்தத் தாண்டின பிறகும் ஏன் அப்படியே ஏறணும்?"

"அப்பதான் அழகா இருக்கும்."

"அழகா இருந்தா உண்மையாயிடுமா, டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மழைக்கு முந்திய வானத்தின் நிறம் அந்தக் கண்களுக்கு. கேலி செய்கிறவன் சிரித்துவிட வேண்டும். சிரிக்காமல் கேட்கிறவனை என்ன செய்வது?

பாடம் முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே அதுதான் கைதட்டல். அவனும் தட்டினான். அவளுக்கு அது தன் தலையில் விழுந்த குட்டாக இருந்தது.

வெளியே மழை. ஜெர்மனியின் இந்த ம்யூன்ஸ்டர் நகரில் மழை பெய்யாத நேரத்தில் தேவாலய மணி அடிக்கும் என்பார்கள். இன்றைக்கு இரண்டும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் சைக்கிளின் கைப்பிடியோடு இன்னொரு கைப்பிடி சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அவன்தான்.

"உங்க சைக்கிள எடுங்க," என்றாள்.

"இங்க யாரும் 'நீங்க' போடறதில்லையே."

"தெரியாதவங்களுக்கு நான் போடுவேன். யாரு நீங்க? மூணு வருஷமா இங்க பாத்ததே இல்ல."

"யோரிஸ். மேல்மாடில ஆராய்ச்சி பண்றேன், இயற்கணிதத்துல. அடுத்த பருவம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கணும். எப்படி எடுக்கறதுன்னு தெரியல. அதான் வந்தேன்."

"வேடிக்கை பாக்கவா?"

"கத்துக்க. ஒருத்தங்க முன்னாடியே உக்காந்து கத்துக்கிட்டா அது வேடிக்கையா?"

"அவங்க அழுத பிறகும் கேள்வி கேட்டா, வேடிக்கைதான்."

"நீ அழலையே."

"அது உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

சைக்கிள் விடுபட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். முகத்தில் மழை. நல்லவேளை... மழையில் கன்னம் சூடாக இருப்பது யாருக்கும் தெரியாது.

"மேல்மாடிக்காரங்கடி அவங்க," என்றாள் தோழி இன்கென். துறை அலுவலகத்தில் அவளுக்குப் பகுதிநேர வேலை. "நம்மளக் கணக்கு தெரியாதவங்கன்னு நெனைக்கிற கூட்டம். காரணமில்லாம ஒருத்தன் கீழ இறங்குவானா? பாத்துக்கோ."

வீப்கே பார்த்துக்கொள்ள வேண்டியது வேறொன்றும் இருந்தது. நேரியல் இயற்கணிதத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு வாய்மொழித் தேர்வு. அதிலும் தவறினால் இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. கணக்கு டீச்சர் என்ற கனவு அங்கேயே முடியும்.

அடுத்த வாரம் மென்சா என்கிற மாணவர் உணவகத்தில் பால்சோற்றுத் தட்டோடு யோரிஸ் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மூணாவது தடவைன்னு கேள்விப்பட்டேன். சேர்ந்து படிக்கலாமா?"

"உங்களுக்கு அதுல என்ன லாபம்?"

அவன் லவங்கப்பட்டைத் தூளைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல நீ நடத்தின அதே பாடத்த நடத்தினேன். படிக்கட்டெல்லாம் எனக்குத் தோணல. நேரா நிரூபிச்சேன். ஒரு பொண்ணு அழுதுட்டா."

"மைனஸுக்கா?"

"எனக்குன்னு நெனைக்கறேன்."

சிரிப்பு வந்தது. தண்ணீரைக் குடித்து மறைத்தாள். அழகாகப் பேசுகிறான், இதுவும் தயாரித்த பேச்சாக இருக்கலாம்... ஆனாலும் தேர்வு அவளுடையது. போனாள்.

மாலைகளில் ஒரு காலி வகுப்பறை. சன்னலில் மழை இறங்கிக்கொண்டிருக்கும். அவன் காப்பி வாங்கி வருவான். எதற்கு? அவள் நிமிர்ந்தால் அவன் பலகையைப் பார்ப்பான். ஏன்? கண்ணை ஒளிப்பவன் எதையோ ஒளிக்கிறான். ஒரு நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள், உதட்டோரம் ஏளனம் வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. கொஞ்சம் யோசித்து, "தப்புதான். ஆனா உள்ள ஒரு நல்ல எண்ணம் இருக்கு," என்றான். அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

இன்னொரு நாள், "நீ சொன்னது இப்பதான் புரியுது, யோரிஸ்," என்றாள். 'நீ' எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கையில் சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது.

அன்றிரவு அவள் சந்தேகம் எதுவும் இல்லாமல் தூங்கினாள். ஒரே ஒரு இரவு.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்பார். இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்து பதில்களைக் குறித்துக்கொள்வார். தேறினாயா இல்லையா என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்வார்கள். வீப்கேயின் தேர்வுக்குப் பேராசிரியர் கெர்டிங்கோடு யோரிஸ் அமர்வதாக இருந்தது. அவள் அதைக் கேட்டு நிம்மதி அடைந்த மறுநாளே இன்கென் ஓடி வந்தாள்.

"மாத்திட்டாங்கடி. யோரிஸுக்குப் பதிலா திருமதி ஹால்பே உக்காரப் போறாங்க."

"அவனுக்கு வேற வேலை இருக்கும்."

"இல்லடி. அவனேதான் கெர்டிங்கிட்ட சொன்னானாம். வீப்கே பரீட்சைல என்னால உக்கார முடியாதுன்னு."

வீப்கேக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முழுதாக அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். விழப்போகிறவளைப் பக்கத்தில் இருந்து பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

படிக்கட்டில் அவனைப் பிடித்தாள்.

"திருமதி ஹால்பே உக்காரப் போறாங்களாமே."

அவன் காதுவரை சிவந்தான். "ஆமா."

"காரணம்?"

"பரீட்சை முடியட்டும், சொல்றேன்."

"முடிஞ்ச பிறகு ஆறுதலா? வேண்டாம். இனிமே நீங்க வர வேண்டாம்."

"வீப்கே..."

"காப்பியும் வேண்டாம்."

மீதி நாட்களைத் தனியாகப் படித்தாள். கோபம் ஒரு நல்ல டியூஷன் மாஸ்டர். தூங்க விடாது.

தேர்வறையில் திருமதி ஹால்பே அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். கொஞ்சம் அதிகமாகவே. பரிதாபமா? இவருக்கும் ஏதோ சொல்லியிருக்கிறான்.

கெர்டிங் மெதுவாகத் தொடங்கி, நடுவில் நிறுத்திக் கேட்டார். "ஒரு நேரியல் உருமாற்றத்துல பூஜ்யத்துக்குப் போறது பூஜ்யம் மட்டும்தான்னு வச்சுக்குவோம். அப்ப வேற வேற ரெண்டு புள்ளி ஒரே எடத்துல போய் விழ முடியாதுங்கறீங்க. எப்படி?"

வீப்கே கண்ணை மூடினாள். பலகை இல்லை, அவன் இல்லை. தானாக வந்தது.

"ரெண்டும் ஒரே எடத்துல விழுந்தா, அதுங்களோட வித்தியாசம் பூஜ்யத்துல விழும். அப்ப அந்த வித்தியாசமே பூஜ்யம். அதனால அது ரெண்டே இல்ல. ஒண்ணுதான்."

"ம்," என்றார் கெர்டிங். திருமதி ஹால்பே மீண்டும் அதே புன்னகையோடு எழுதினார்.

வெளியே அனுப்பினார்கள். மீண்டும் அழைத்தார்கள். தேறியிருந்தாள்.

கட்டடத்தின் வாசலில் யோரிஸ் நின்றிருந்தான். சட்டை தோள்வரை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

"தேறிட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். சுவரில் சாய்ந்தான்.

"இப்ப சொல்லுங்க," என்றாள். "நான் தேற மாட்டேன்னுதானே ஒதுங்கினீங்க?"

"அப்படியா நெனச்ச?"

"வேற எப்படி நெனைக்க?"

"பக்கத்துல உக்காரப் போறவங்ககிட்ட கெர்டிங் ஒண்ணு கேப்பார். இந்த மாணவியோட உனக்குப் பகை உண்டா, உறவு உண்டான்னு. எல்லாரும் இல்லன்னு சொல்லிட்டு உக்காந்துடுவாங்க."

"நீங்க?"

"பகை இல்லன்னேன்."

மழை சரிவாக அடித்தது. இருவரும் அரை அடி உள்ளே நகர்ந்தார்கள்.

"உறவு?"

"அதுக்கு இருமல் வந்துடுச்சு. ரொம்ப நேரம் இருமினேன். கடைசில என்னால உக்கார முடியாதுன்னேன், அவர் உடனே ஹால்பேயக் கூப்பிட்டார்."

அவளுக்கு அந்தப் புன்னகை புரிந்தது.

"அப்ப அவங்களுக்கும் தெரியுமா?"

"கெர்டிங்குக்குத் தெரியும். ஹால்பேக்குத் தெரியும். மேல்மாடில பாதிப் பேருக்குத் தெரியும்."

"என்னத் தவிர."

"பரீட்சைக்கு முன்னாடி சொன்னா உன் கவனம் கலையும்னு நெனச்சேன்." அவன் நனைந்த கைகளைக் கால்சட்டையில் துடைத்தான். "நீ தேறணும்னு எனக்கு இருந்துச்சு, வீப்கே. நியாயமா உக்காந்து எழுத முடியாத அளவுக்கு. உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் முகத்தில் வேறெதையாவது தேடினாள். கேலி, இரக்கம், மேல்மாடி... எதுவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"அடுத்த பருவம் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நீதான எடுக்கப் போற?"

"ஆமா."

"நான் வேற குழுவுக்கு மாறிக்கறேன்."

அவன் முகம் வாடியது. "நான் அவ்வளவு மோசமாவா எடுப்பேன்?"

"அது இல்ல," என்றாள் வீப்கே, மழையைப் பார்த்துக்கொண்டு. "கெர்டிங் என்னக் கூப்பிட்டு அதே கேள்வியக் கேட்டா, எனக்கும் இருமல்தான் வரும்."