நாலு படி ஏறுவார்

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பது. சிட்னியில் ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், தனலெட்சுமி நாள்காட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பென்டில் ஹில் மளிகைக் கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கியதற்கு இனாமாகக் கிடைத்த நாள்காட்டி அது. ஆனால் அந்த வீட்டில் சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்குத்தான் இருந்தது.

"ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம்! யாரும் வாசல்படி தாண்டக் கூடாது!"

மருமகள் கிரிஜா அப்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து ஏழரைக்குத்தான் வீடு திரும்பியிருந்தாள். கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல் இருந்தன.

"எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் அத்தை… ஒரு ரெண்டு மணி நேரம் கூப்பிட்டிருக்காங்க."

"எம் புள்ள மேனேஜரா சம்பாதிக்கறான். ராவும் பகலுமா உனக்கு எதுக்கும்மா வேலை? ஆசைக்கு ஒரு அளவு வேணாம்? சாப்பிட்டியா?"

"வந்து சாப்பிடறேன்."

"ஆமா… நான் சமைக்கறதை யாரு மதிக்கறா!"

இந்தப் பேச்செல்லாம் உள்ளறையில் இருந்த மேனேஜருக்குக் கேட்டது. கேட்டும் அவன் வெளியே வரவில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி, தலையில் ஹெட்செட் சகிதம் நரேன் மீட்டிங்கில் இருந்தான். கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து அவனுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. வேலைதான் போனதே தவிர, மீட்டிங் ஒன்றுகூடக் குறையவில்லை. சனிக்கிழமையும் இருந்தது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க கிரிஜா. ரெண்டே வாரம்… நான் வேற வேலை பிடிச்சிடறேன். அதுவரைக்கும் சொல்லாதே." மார்ச் மாதத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது இது. தனலெட்சுமிக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதைவிட முக்கியமாக, திண்டுக்கல்லில் மூன்று தங்கைகளும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. கிரிஜா சரி என்றாள். இப்போது அக்டோபர். மெல்பர்னில் நர்சிங் படிக்கும் மகள் ஹரிப்பிரியாவுக்குக்கூட அவள் மூச்சு விடவில்லை.

இந்த லட்சணத்தில் வீட்டுக்காரர் ஃபிளாட்டை விற்கப் போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டார். காலி செய்ய இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி.

சிட்னியில் வாடகை வீட்டைத் திறந்து காட்டுவது பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான். அதுவும் பதினைந்தே நிமிடம். சனிக்கிழமை ராகு காலமோ ஒன்பதிலிருந்து பத்தரை வரை. இந்த இரண்டு நேரத்தையும் வகுத்தவர்கள் தங்களுக்குள் கலந்து பேசியிருக்க வாய்ப்பில்லை. முதல் ஆறு வாரம் தனலெட்சுமியின் உத்தரவுப்படி பத்தரைக்கு மேல் காட்டிய வீடுகளை மட்டும் பார்த்தார்கள். மொத்தம் மூன்று. ஒன்றில் ஜன்னல் இல்லை. இன்னொன்றில் ஜன்னலைத் தவிர வேறெதுவும் இல்லை. மூன்றாவது நன்றாக இருந்தது, அதனால் கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கோடைகாலத்துக்காக ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தபோது நரேன் ஒரு முயற்சி செய்து பார்த்தான். "அம்மா, சூரியனுக்கு இன்னும் பழைய மணிதான். அப்ப ராகு காலம் பத்து மணிக்குத்தானே ஆரம்பிக்கும்?"

"சுவத்துல என்ன மணியோ அதுதான்டா மணி! கவர்மென்டுக்காக ராகு ஒதுங்கி நிப்பானா?"

அத்துடன் அந்த வழியும் அடைபட்டது. அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு கிரிஜாவுக்குச் சனிக்கிழமைதோறும் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட். அது இன்றைக்கும் தொடர்ந்தது.

*

பென்டில் ஹில்லில் வாடகைக்குக் காட்டிய ஒரு வீட்டு வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கூர்மையான ஷூ போட்ட ஏஜென்ட் கதவைத் திறந்ததும் எல்லோரும் புகுந்து, அலமாரிகளைத் திறந்து மூடி, குழாயைத் திருகி, ஒருவரை ஒருவர் விரோதத்துடன் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். கிரிஜா அலமாரியைப் பார்க்கவில்லை. வெளியிலேயே நின்று படிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கைப்பிடியும் இருந்தது.

இந்த நாலு மாதத்தில் அவளுக்கு மூன்று வீடுகள் கிடைக்கும் போல இருந்தது. வாடகையும் குறைவுதான். ஆனால் எல்லாமே லிஃப்ட் இல்லாத மாடி வீடுகள். இப்போதிருக்கும் வீட்டுக்கு ஏறிவர அத்தை நடுவில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அத்தை இதையெல்லாம் அறியமாட்டார். "என் முட்டியைப் பத்தி இந்த வீட்டுல யாருக்குக் கவலை?" என்பது அவருடைய காலை, மாலைப் பிரார்த்தனை.

விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும். ஆனாலும் கிரிஜா நூலகத்தில் அச்செடுத்து ஒரு பிரதியை ஏஜென்ட் கையிலும் கொடுத்துவிடுவாள். கையில் கொடுத்தால் முகம் ஞாபகம் இருக்குமே என்று ஒரு நப்பாசை. இது பதினொன்றாவது. மிச்சப் பிரதிகளை வீட்டில் ஓவனுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். வெள்ளைக்காரன் கேக் சுடக் கொடுத்த அந்த அடுப்பில், நம் எல்லோர் வீட்டையும் போலவே, தோசைக்கல்லும் வாணலியும்தான் குடியிருந்தன. அது தரையோடு இருந்தது. முட்டி வலிக்காரர் குனியமாட்டார்.

ஆனால் அன்றைக்குக் குனிந்தார்.

ராத்திரி வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போகிறாளே என்று, மருமகளுக்குப் பிடித்த குழிப்பணியாரம் ஊற்ற மாவு கலக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பணியாரக்கல்லை எடுக்கத்தான் குனிந்தார். பணியாரக்கல்லோடு காகிதக் கட்டும் வந்தது.

*

பத்தரைக்குக் கிரிஜா வீட்டுக்குள் நுழைந்தபோது பணியார வாசனை இல்லை. சோபாவில் தனலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் அவருடைய சூட்கேஸ். மடியில் காகிதங்கள்.

"வாம்மா… ஷிஃப்ட் முடிஞ்சுதா?"

கிரிஜாவுக்குப் புரிந்துவிட்டது. பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா? எழுத்துக் கூட்டிப் படிப்பேன்! முதல் பக்கத்துல ஒரே பேரு. கிரிஜா! எம் புள்ள பேரு இல்ல, எம் பேரு இல்ல… தனிக்குடித்தனமா? இல்ல, புருஷனையும் விட்டுட்டு நீ மட்டுமா?"

"அத்தை, அது வந்து…"

"சனிக்கிழமை சனிக்கிழமை ராகு காலத்துல ஓடினியே, இதுக்குத்தானா! நல்ல காரியத்துக்கு எவளாவது ராகு காலத்துல போவாளா? சொல்லுடி!"

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. நரேன் ஹெட்செட்டோடு நின்றான். கிரிஜா அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் போதும். அவன் தன் லுங்கிக் கரையைப் பார்த்தான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"ஆமா அத்தை," என்றாள். "என் பேர்லதான் போட்டேன்."

"கேட்டியாடா நரேன்! வாயாலேயே ஒத்துக்கறா! எனக்கு டிக்கெட் போட்டுடு. நான் பாரமா இருக்க வரலை…" முந்தானை கண்ணுக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. எதிர் ஃபிளாட் ரஞ்சினி அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர், போன வாரம் வாங்கிப்போன சம்புடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். வெறும் சம்புடமாகக் கொடுப்பது பாவம் என்பதால் அதில் கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது.

"என்ன அக்கா, சூட்கேசோட இருக்கிறியள்? எங்கயும் பயணமோ?"

"நல்ல நேரத்துல வந்தீங்க! நீங்க இங்க டீச்சரா இருந்தவங்க. இவ எங்களை விட்டுட்டு எங்க போறான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க!"

"வேண்டாம் அன்ரி… ப்ளீஸ்," என்றாள் கிரிஜா. அவள் குரலில் முதல்முறையாகப் பதற்றம். அவளுடைய கண் நரேன் பக்கம் போயிற்று.

"பார்த்தீங்களா, பயப்படறா! படிங்க!"

ரஞ்சினி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புரட்டினார். "பொறுங்கோ… முன்னுக்கு இருக்கிறது வெறும் விண்ணப்ப ஃபோம். ஆர் வாடகை கட்டுறது எண்டுதான் இதில கேக்கிறாங்கள். பின்னால ஒரு கடிதம் குத்தியிருக்கு. ஏஜென்டுக்கு எழுதினது. 'நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம். நான் முதியோர் இல்லத்தில இரவு வேலை செய்யிறன். என்ர சம்பளத்திலதான் வாடகை கட்டுவன். என்ர கணவர் ஏழு மாசமா…'"

அவர் நிறுத்திக்கொண்டார்.

"ஏழு மாசமா என்ன?"

"அக்கா… 'ஏழு மாசமா வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கெட்டிக்காரர். கெதியில கிடைச்சிடும்' எண்டு எழுதியிருக்கு."

தனலெட்சுமி மகன் பக்கம் திரும்பினார். ஹெட்செட் அவன் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"மிச்சத்தையும் வாசிக்கட்டோ?" என்று ரஞ்சினி தயங்கினார். தனலெட்சுமி தலையசைத்ததும் வாசித்தார். "'என்ர அம்மாவும் எங்களோட இருக்கிறா. அவவுக்கு முழங்கால் வருத்தம். நாலு படி ஏறுவா, அதுக்கு மேல ஏலாது. அதாலதான் கீழ்வீடு மட்டும் கேக்கிறம். குறைஞ்ச வாடகைக்கு மேல்வீடு கிடைச்சும் விட்டிட்டம். எங்கட வீட்டில சமையல் வாசம் கொஞ்சம் கூடத்தான் வரும், அதுக்கு மன்னிக்கவும். அம்மா நல்லாச் சமைப்பா.'"

"அம்மாவா?" தனலெட்சுமி குழம்பினார். "இவளுக்கு அம்மா ஏது? அவங்க போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சே…"

அவருக்கே மெதுவாக விளங்கியது. மடியிலிருந்த காகிதங்களை ஒருமுறை தடவினார். பிறகு முதல் கேள்வியை மகனிடம்தான் கேட்டார்.

"ஏழு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டடா பேசிட்டிருந்தே?"

"சில நாள் இன்டர்வியூம்மா…"

"மத்த நாள்?"

"சும்மா… தலையாட்டிக்கிட்டிருந்தேன்." ஹெட்செட்டைக் கழற்றினான். "உங்க முன்னாடி தோத்துப் போனவனா நிக்கப் பயந்தேம்மா. நீங்க அவளைத் திட்டறப்பல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அவ என்னைக் காட்டிக் கொடுக்கலை. நான்தான் அவளைக் காட்டிக் கொடுத்துட்டேன். இப்பக்கூட நின்னு வேடிக்கை பார்த்தேன்…"

"போடா! என் கண்ணு முன்னால நிக்காத! போய் வேட்டியோ பேன்ட்டோ ஒழுங்கா ஒண்ணைக் கட்டிக்கிட்டு வந்து, அடுப்புல பணியாரத்தை ஊத்து. அவ நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி!"

ரஞ்சினி அன்ரி சம்புடத்தை மேசையில் வைத்துவிட்டு, "நான் போட்டு வாறன்," என்று ஓசையில்லாமல் நழுவினார். பேரனுக்கு வாங்கிய பாலை வெளியே வைத்துவிட்டு வந்ததாக ஒரு காரணமும் சொன்னார். அந்தக் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

தனலெட்சுமி கையை ஊன்றி எழ முயன்றார். முட்டி விடவில்லை. கிரிஜாவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேராசைக்காரின்னு சொன்னேன்… ஊர் சுத்தறேன்னு சொன்னேன்… தங்கச்சிங்ககிட்டல்லாம் சொன்னேன்! ஏன்டிம்மா, ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா உங்க புள்ளைய நீங்க அப்பவே திட்டியிருப்பீங்க. அவரு ரொம்ப ஒடைஞ்சு போயிருந்தாரு அத்தை…"

"அது சரி… அம்மான்னு ஏன் எழுதினே?"

கிரிஜா யோசித்தாள். "மாமியார்னு எழுதினா ஏஜென்டுங்க, வீட்டுல சண்டை வரும்னு நெனச்சுக்குவாங்களோன்னு…" என்று ஆரம்பித்தவளுக்கு வாக்கியம் முடியவில்லை. ஏழு மாதத் தூக்கமும் ஏழு மாத அழுகையும் சேர்ந்து வந்தன. தனலெட்சுமி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அழுகை பாதியில் நின்று, கிரிஜா அப்படியே தூங்கிப்போனாள். பணியாரம் தீய்ந்த வாசனை வந்தது. மாமியார் அசையவில்லை. தோள் மரத்துப்போன பிறகும் அசையவில்லை.

*

செவ்வாய்க்கிழமை ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பென்டில் ஹில் வீடு அவர்களுக்குத்தான். சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோர் கண்ணும் நாள்காட்டிக்குப் போனது. பார்க்கப் போவது வேறு. சாவி வாங்குவது வேறு. ராகு காலத்தில் சாவியா! நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க நரேன் போனை எடுத்தான். தனலெட்சுமி தடுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை எட்டரைக்கே அவர் பட்டுப்புடவையில் தயாராக நின்றார்.

"அத்தை… ஒம்பதே கால் ராகு காலமாச்சே," என்றாள் கிரிஜா.

"அன்னிக்கு மணியைத் தள்ளி வெச்சாங்களே, மறந்துட்டியா? இது நம்ம பண்ணின தில்லுமுல்லு. ராகு பாவம், அவனுக்கு யாரு போய்ச் சொன்னா? அவன் இன்னும் பழைய மணியிலதான் இருப்பான். பத்து மணிக்குத்தான் கிளம்புவான். அதுக்குள்ள நாம சாவிய வாங்கிடலாம். என்ன பார்க்கறே? செருப்பை மாட்டு!"

நரேன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அறிவாளியாக மூடிக்கொண்டான்.

சாவி வாங்கிய கையோடு புது வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தனலெட்சுமி கைப்பிடியைத் தொடவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினார். ஒண்ணு… ரெண்டு… மூணு.

மேலே நின்று மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? நாலு படிதான் ஏறுவேன்னு எழுதிட்டியேடி லெட்டர்ல. மகள்ன்னா அம்மாவைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லணும். அடுத்த தடவை அஞ்சுன்னு எழுது!"

"சரிம்மா," என்றாள் கிரிஜா. சொல்லிவிட்டு, களைத்துப்போன காலை அந்த மூன்றாவது படியிலேயே நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மணி ஒன்பது ஐம்பது. ராகு வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.