தனப்பிரியா எழுதிய லாரி

“உங்க லாரி ஏனுங்க எரியுது?”

அம்மாவின் போனில் வந்திருந்த அந்தக் கேள்வியைத் தனப்பிரியா இரண்டு முறை படித்தாள். பிறகு ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஒன்பது குட்டி லாரிகளும் பத்திரமாகத்தான் நின்றன.

தனப்பிரியா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பா சண்முகவேல், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டுகளை வைத்துக் குட்டி லாரிகள் செய்வார். அம்மா தெய்வநாயகி அவற்றுக்கு வண்ணம் தீட்டுவார்.

அவற்றை விற்பதற்காக இணையத்தில் ‘குட்டி லாரிக் கடை’ என்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். படம் எடுப்பது அம்மா. கீழே எழுதிப் போடுவது தனப்பிரியா. மூன்று மாதத்தில் இரண்டே லாரிகள்தான் விற்றன. இரண்டையும் வாங்கியவர் சித்தப்பா.

“இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம் சாமி. யாரும் பாக்கிறதில்லையே” என்று அப்பா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

இப்போது ஒருவர் பார்த்திருக்கிறார். ஆனால் லாரி எரிகிறது என்கிறார்!

“எங்க லாரி எரியலீங்களே! யாருங்க நீங்க?” என்று தனப்பிரியா பதில் அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

“என் பேரு ஈஸ்வர். ஓமலூர். ஆறாவது படிக்கிறேன். எனக்குக் கண்ணு தெரியாது. எங்கம்மாவோட போன் எழுத்தையெல்லாம் சத்தமா வாசிச்சுக் காட்டும், நான் பேசுறதை எழுதியும் அனுப்பும். உங்க பக்கத்துல ‘படம். நெருப்பு, நெருப்பு, நெருப்பு. சூப்பர் லாரி. நெருப்பு, நெருப்பு’ன்னு வாசிக்குது. நான் பயந்துட்டேன்.”

தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் போடுகிறார்களே என்று, அவள் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரிசையாக நெருப்பு எமோஜி போட்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோ ஈஸ்வர். நானும் ஆறாவதுதான். இது சிவப்பு லாரி. ரொம்ப அழகா இருக்கும்.”

“சிவப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. லாரி எவ்வளவு பெருசு? கையில புடிச்சா எப்படி இருக்கும்? கதவு திறக்குமா?”

தனப்பிரியா பதில் எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அழித்தாள். தினமும் பார்க்கும் லாரிதான். ஆனால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் ஒரு லாரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்களை இறுக மூடினாள். இரண்டு கைகளாலும் மெல்லத் தடவினாள்.

“என்ன கண்ணு, லாரியைத் தூங்க வைக்கிறியா?” என்று கேட்டபடி அப்பா உள்ளே வந்தார்.

“இல்லீங்கப்பா, பாக்கிறேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

தனப்பிரியா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், “ஸ்ஸ்!” என்று கையை உதறினாள். லாரியின் பின்பக்க மூலையில் மெல்லிய மரச் சிலாம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா லாரியை வாங்கி, தானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “பதினெட்டு வருசமா இந்த வேலை செய்யறேன். இது என் கண்ணுக்குத் தப்பிருச்சே!”

அவர் உடனே உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தார். ஒன்பது லாரிகளின் மூலைகளையும் வழவழப்பாகும் வரை தேய்த்தார்.

தனப்பிரியா எழுதினாள். அம்மா படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலையே கடையின் பக்கத்தில் அது வந்தது.

“எங்கள் லாரி என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நான்கு. பக்கவாட்டுப் பலகைகளைத் தடவினால் ஏணிப் படிகள் போல ஏறி இறங்கும். பின்கதவில் சின்னச் சங்கிலி தொங்கும். அதைக் கழற்றினால் கதவு ‘டக்’ என்று விழும். உள்ளே எட்டு எலுமிச்சம்பழம் ஏற்றலாம், நான் ஏற்றிப் பார்த்தேன். மூக்கருகே வைத்தால் மர வாசனை வரும். மூலையில் ஒரு சிலாம்பு இருந்தது, என் விரலில் குத்தியது. அப்பா எல்லா லாரியையும் தேய்த்துவிட்டார். இனி குத்தாது.”

“சிலாம்பைப் பத்தியெல்லாமா எழுதுவாங்க?” என்று அப்பா தயங்கினார்.

“உண்மைதானுங்கப்பா” என்றாள் தனப்பிரியா.

ஈஸ்வரின் அம்மா ஆத்தாயி அந்தப் பதிவைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினார். அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்பினார்கள். சூரமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை, “என் வகுப்பில் படித்துக் காட்டினேன். வகுப்புக்கு மூன்று லாரி வேண்டும்” என்று எழுதினார். சேந்தமங்கலத்திலிருந்து ஓர் அக்கா, “என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். இப்ப குஜராத்தில் இருக்கார். அப்பா வண்டி எப்படி இருக்கும்னு பையன் கேட்டுட்டே இருக்கான்” என்று எழுதி ஒன்று கேட்டார்.

இன்னும் சிலரும் கேட்டு வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் அலமாரியில் ஒரே ஒரு லாரிதான் மிச்சம். அது ஈஸ்வருக்காக எடுத்து வைத்தது.

அதை வாங்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரே அம்மாவுடன் பஸ் ஏறி நாமக்கல் வந்துவிட்டான். லாரியை மடியில் வைத்ததும் அவன் விரல்கள் ஓடத் தொடங்கின. யாரும் சொல்லாமலே சங்கிலியைக் கண்டுபிடித்துக் கழற்றினான். டக்!

“நீ எழுதுன மாதிரியே இருக்கு. ஆனா, ஒண்ண விட்டுட்ட” என்றான்.

“எதை?”

ஈஸ்வர் முன்சக்கரத்தைச் சுழற்றினான். ‘கீச்... கீச்...’

“அணில் மாதிரி கத்துது கேளு!”

“அடடா, எண்ணெய் போட்டுத் தாரேன் சாமி” என்று அப்பா எழுந்தார்.

“வேண்டாமுங்க மாமா! இப்படியே இருக்கட்டும்” என்று ஈஸ்வர் லாரியை மார்போடு அணைத்துக்கொண்டான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஆத்தாயி அப்பாவிடம் கேட்டார். “அந்தப் பதிவைப் போன் வாசிக்கிறப்ப, எனக்கே லாரியைத் தொட்ட மாதிரி இருந்துச்சுங்க. நீங்கதான் எழுதச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“எனக்கு லாரி செய்யத்தானுங்க தெரியும். எழுதுனது எம் பொண்ணுங்க” என்றார் அப்பா.

அதை அவர் சொன்ன சத்தத்தில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்பா அவருக்கும் ஒருமுறை சொன்னார்.