ஒயரின் மறுமுனை

சலவை இயந்திரத்தைப் பராமரிப்பது எப்படி என்று ரொமேனிய மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்த ஸ்மராந்தா, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தபோது, பாதி வாக்கியத்தில் அவள் எழுதாத ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. குளிருது.

ஏதோ நினைப்பில் தானே அடித்திருப்போம் என்று அழித்தாள். வெளியே யாஷ் நகரத்து டிசம்பர், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டில் வேகும் முட்டைக்கோஸின் புளிப்பு வாடை கதவிடுக்கு வழியே வந்தது. சுவரில் வெந்நீர்க்குழாய் டக்கென்றது. அந்தச் சத்தத்தோடு திரையில் மறுபடி எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துகிறவன் அடிப்பது மாதிரி.

அவள் புருஷன் செசார் அப்படித்தான் அடிப்பான்.

அவன் இருந்தவரை இந்த மேசையில் ஓயாத சண்டை. அவனுக்கு ஒயர் ஆகாது. "கயிறு மாட்டுக்குத்தான்டி, எனக்கு எதுக்கு?" என்பான். ஒயரில்லாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவிலிருந்தே ஆட்சி செய்வான். அவள் விடமாட்டாள். "ஒயர் இருந்தா மறுமுனையில யாருன்னாவது தெரியும். உன் சாமான் யாரோட பேசுதுன்னு யார் கண்டா?"

அவன் செத்த நாற்பதாம் நாள், ஊர் வழக்கப்படி, அவன் கோட்டையும் செருப்பையும் அந்த கீபோர்டையும் மவுஸையும் ரொட்டி, மெழுகுவத்தியோடு பக்கத்து வீட்டு சவேத்தாவிடம் கொடுத்தாள். இங்கே செத்தவர் பேரில் கொடுத்தது அங்கே அவர் கைக்குப் போய்ச் சேரும். தனக்கென்று ஒயர் வைத்த கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பொறி தட்டியது. அந்த கீபோர்டின் ரிசீவர், நகத்தளவு சனியன், இன்னும் கம்ப்யூட்டரின் பின்னாலேயே செருகியிருக்கிறது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கட்டைகளை அழுத்த, இந்தப்பக்கம் எழுத்து விழுகிறது. இவ்வளவுதானா விஷயம் என்று சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினாள்.

"நானா? எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது," என்றாள் சவேத்தா, கரண்டியும் கையுமாக. "பேட்டரியைக் கழட்டி டிவி ரிமோட்ல போட்டுட்டேன். அந்தப் பலகை அப்படியே அலமாரி மேல கிடக்கு. ஏன், திருப்பி வேணுமா?"

"இல்லக்கா. அதோட சின்னதா ஒரு சாமான் இருக்கு. அதைக் கொடுக்க மறந்துட்டேன்."

சவேத்தா கரண்டியைத் தாழ்த்தினாள். "குறை வெச்சா கொடுத்தே? குறை வெச்சா செத்தவங்களே வந்து எடுத்துப்பாங்கடி. போ, சீக்கிரம் கொண்டா."

திரும்பி வந்தபோது திரை நிறைய இருந்தது.

எழுதறது தெரியல. யாராவது படிக்கிறீங்களா. மீதி எங்கே. மீதி எங்கே.

பாவமாக இருந்தது அவளுக்கு. அதைவிடப் பயமாக இருந்தது. மேசைக்கடியில் மண்டியிட்டு, தூசிக்குள் கையை விட்டுத் துழாவி, விரலில் பட்டதையெல்லாம் இழுத்தாள். ரிசீவர் வந்தது. கூடவே அவளுடைய கீபோர்டின் ஒயரும் கழன்று தரையில் விழுந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினாள்.

"செசாருக்காக," என்று நீட்டினாள்.

"அவனுக்குப் போய்ச் சேரட்டும்," என்று வாங்கிக்கொண்டாள் சவேத்தா.

அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். வெந்நீர்க்குழாய் அடங்கியிருந்தது. முட்டைக்கோஸ் வாடை இல்லை. அதற்குப் பதில் ஈர மண் வாடை, அப்போதுதான் வெட்டிப் போட்ட மண். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டக்.

அவளுடைய கீபோர்டில் ஒரு கட்டை அமுங்கி எழுந்தது. தொடவில்லை அவள். இரண்டு கையும் மடியில்.

டக். டக்.

இப்ப தெரியுது.

டக்.

நீ சொன்னதுதான் சரி. ஒயர்தான் நல்லது.

கழற்றிய ஒயர். தரையில் விழுந்த ஒயர். கண் அதன் வழியே போனது, மேசை விளிம்புவரை, விளிம்பைத் தாண்டிக் கீழே. தரையில் அது துவண்டு கிடக்கவில்லை. மேசைக்கடியில், அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்த இருட்டுக்குள், விறைப்பாக நீண்டிருந்தது.

கீபோர்டு அவளை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் ஒன்று. நிதானமாக, கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறவன் இழுப்பதுபோல.