டீச்சர் புகழ்ந்த குழந்தை

எலிசபெத் தெருவில் யாரும் குழந்தையை வாய்விட்டுப் புகழ மாட்டார்கள். புகழ்ந்தால் கண் பட்டுவிடும். இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறியவர்கள் மூட்டை முடிச்சோடு இந்தப் பயத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். புகழ்கிற வாயை எந்த ஊரிலும் நம்பக் கூடாது. அது வேறு விஷயம்.

மிஸ் டாயில் டீச்சருக்கு இது தெரியாது. ஒரு நாள் நான்கு மாடி ஏறி நுன்ஸியாவின் வீட்டுக்கு வந்தார்.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பத்து வயது நுன்ஸியாதான் அம்மாவுக்குப் புரியும்படி சொன்னாள். பிறகு டீச்சர் அம்மா மடியில் இருந்த தம்பி ரோக்கோவைப் பார்த்தார்.

"என்ன அழகு. பொம்மை மாதிரி இருக்கான்."

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

நுன்ஸியா யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட்டாள். அம்மா சட்டென்று தம்பியைச் சால்வையால் மூடினாள்.

அன்று சாயங்காலமே ரோக்கோவுக்குக் காய்ச்சல். கண் பட்டிருக்கிறதா என்று பார்க்க அம்மா தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். எண்ணெய் பரவியது. கண்ணேறுதான், சந்தேகமே இல்லை.

"தொட்டு ஆசீர்வாதம் பண்ணாம புகழ்ந்துட்டுப் போயிருக்கா. அந்தப் பள்ளிக்கூடமே வேணாம். நாளையிலேருந்து வீட்ல உக்காந்து காகிதப் பூ செய்."

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் கோபம் இறங்கவில்லை. நுன்ஸியாவின் விரலெல்லாம் பசை. வகுப்பில் இந்நேரம் பின்னக் கணக்கு ஆரம்பித்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் அப்புறம் எட்டிப் பிடிக்க முடியாது.

சனிக்கிழமை, செய்த பூக்களைக் கடையில் கொடுக்கப் போனவள் வழியில் டீச்சரைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நான் நல்லதுதானே சொன்னேன்?"

"அதான் டீச்சர் தப்பு. எங்க தெருவுல கொழந்தைய அசிங்கம்னுதான் சொல்லணும்."

"பெத்தவ முன்னாடியா?"

"பெத்தவ முன்னாடிதான். நான் மாத்திச் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. எங்க பேச்சுல நீங்களே சொல்லணும்."

தெருவோரத்தில் நின்று டீச்சர் பாடம் படித்தார். இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். நுன்ஸியா திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தாள். வெளியே டீச்சர். நுன்ஸியா அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் அம்மாவின் இடுப்பில் இருந்த ரோக்கோவைப் பார்த்தார்.

"ஐயே, எவ்ளோ அசிங்கமா இருக்கான்" என்றார், அம்மாவின் ஊர்ப் பேச்சிலேயே. கதவிடுக்கில் கை நீட்டிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "கடவுள் காப்பாத்தட்டும்."

அதோடு நிறுத்தவில்லை.

"மூக்கைப் பாரு, உருளைக்கிழங்கு."

இது நுன்ஸியா சொல்லிக்கொடுக்காதது. வரும் வழியில் காய்கறி வண்டிக்காரனிடம் டீச்சரே கேட்டுக் கற்றுக்கொண்டது.

அம்மா கதவை முழுசாகத் திறந்தாள்.

"உள்ள வந்து உக்காரச் சொல்லுடி. காப்பி போடறேன்."

"அம்மா, நாளைக்கு..."

"நாளைக்குத் திங்கக்கெழமைதானே? பள்ளிக்கூடம் போகாம இங்க உனக்கு என்ன வேலை?"

அடுப்புப் பக்கம் போனவள் திரும்பி நின்றாள்.

"அந்த மூக்கைப் பத்தி இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."