பின்னுக்கு இடிக்கிது

போன கிழமை கேட்டபோது ஒலிப்பதிவில் அந்தச் சத்தம் இருக்கவில்லை. காரைதீவுத் தங்கேஸ்வரி அக்கா எந்த இடத்தில் இருமுகிறார், எந்த இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிறார், வெளியே மீன்காரனின் ஹோன் எப்போது கேட்கிறது என்பதெல்லாம் ஸகியாவுக்கு மனப்பாடம். ஆனால் இன்று பின்னேரம், காலையில் அலுமாரிக் கதவில் மோதிக்கொண்ட உச்சந்தலையைத் தேய்த்தபடி அதைத் தட்டெழுத உட்கார்ந்தபோது, அவளுடைய கேள்விக்கும் அந்த அக்காவின் பதிலுக்கும் நடுவில் ஒன்று விழுந்தது. ஊறிய அரிசியில் உலக்கை இறங்குவதுபோன்ற, கனமான, அவசரமில்லாத சத்தம்.

"எங்க இடிக்கிது அக்கா?" பதிவில் அவளுடைய குரல்.

தொம்.

"பின்னுக்கு மிஸ்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள். இதுவும் பழுதாகிவிட்டதா? இந்த ஆராய்ச்சியில் உருப்படியாக நடந்தது எதுதான்?

ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழகத்துக்குத்தான் ஆராய்ச்சி. அவளுக்கு அது றம்ஸீன். நிந்தவூர் மெயின் ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்குப் பிரேக் அடித்து, மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்த கணவன். ஹெல்மட் போட்டிருந்தார். தானே எழும்பி, மண்ணைத் தட்டி, மாட்டைத் திட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சின்ன அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் அன்று தொடங்கிய தலையிடி இன்னும் போகவில்லை. கணக்குப் படிப்பித்த மனிதர் இருட்டறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறார். டொக்டர் மனசு என்றார், பாடசாலையில் நடிப்பு என்றார்கள். சின்ன அடிக்குப் பிறகு தலையிடி ஏன் போகாமல் நிற்கிறது என்று ஸகியாவும் தேடித் தேடிப் படித்தாள். கழுத்துத் தசை, நரம்பு, தூக்கமின்மை, கூடுதலாக விழுங்கிய குளிசை, பயம் என்று எல்லாக் காரணமும் கொஞ்சம் பொருந்தியது, ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்டுரையும் கடைசியில் மேலும் ஆய்வு தேவை என்று கையை விரித்தது. அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தால் அவர் திரும்பக் கிடைப்பார். அந்த ஒரு நம்பிக்கையில்தான், அவரைப் போலவே தலையிடி போகாதவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தாள்.

ஹெட்போன் இல்லாமலே மற்றப் பதிவுகளையும் கைப்பேசியில் போட்டாள். மருதமுனை மசூர் நானா. தொம். "பின்னுக்கு." பெரியநீலாவணைப் பெண். தொம். "பின்னுக்கு." எல்லோருக்கும் அவள் பிடரி என்றுதான் எழுதியிருந்தாள். எல்லோரும் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலையைப் பின்னால் அழுத்திக்கொண்டு இருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதிலேயே தங்கேஸ்வரிக்குக் கோல் எடுத்தாள்.

"அக்கா, அண்டைக்கு உங்கட பக்கத்துல ஆரும் மா இடிச்சாங்களா?"

"இல்ல மிஸ். மா மில்லுலதானே திரிக்கிற."

"ஒரு சத்தம் கேக்குது. தொம் எண்டு."



"உங்களுக்கும் தலையில பட்டுட்டா மிஸ்?"

"என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

"எங்க இடிக்கிதெண்டு நீங்க கேட்டீங்க. பின்னுக்கு எண்டு நான் சொன்னன். நீங்க என்ட பிடரியத் தடவிப் பாத்தீங்க." தங்கேஸ்வரியின் குரல் தாழ்ந்தது. "நான் தலையச் சொல்லல்ல மிஸ். எனக்குப் பின்னுக்கு. செவருக்குள்ள."

ஸகியா கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

"செவரோட ஒட்டி இரிங்க. தலைய வெச்சு நல்லா அமத்துங்க. எடுத்துராதீங்க." கோல் நின்றுவிட்டது.

தொம்.

இந்தத் தடவை கைப்பேசியில் இல்லை. அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள். வெறும் சுவர். கலண்டர். ஆணி. கலண்டரின் தாள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, ரோட்டில் கல்முனை பஸ் போனது, அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் றம்ஸீனின் இருட்டறைக்கு ஓடினாள்.

சித்தாலேபத் தைலமும் வியர்வையும் கலந்து மணத்தது. றம்ஸீன் நிலத்தில் சுவரோடு ஒட்டி, கண்ணை மூடி இருந்தார்.

"உங்களுக்கு எங்க இடிக்கிது?"

"எத்தின தரம் சொல்ற? பின்னுக்கு."

"தலைக்குள்ளயா?"

கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார்.

"உனக்கும் கேக்குதா?"

அவள் தலையாட்டியதும் சின்னப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னன் புள்ள. ஒவ்வொரு நாளும் சொன்னன்."

"எழும்புங்க. அதுல என்ன இரிக்கெண்டு பாப்பம்." அவருடைய தோளைப் பிடித்தாள்.

"வேணாம். தலைய எடுத்தா..."

இழுத்தாள்.

இத்தனை மாதம் ஒருவர் தலை வைத்த இடம் குழிந்திருக்க வேண்டும். குழியவில்லை. சோற்றுப் பானையின் அடிபோல அறைக்குள் புடைத்திருந்தது. சுற்றிலும் பெயின்ட் வெடித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வளவு, மணல், இரண்டு தென்னை.

தொம். புடைப்பு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. சீமெந்துத் துகள் உதிர்ந்தது.

றம்ஸீன் பாய்ந்து தலையை அதன்மேல் வைத்து அழுத்தினார். அடுத்த அடியில் அவருடைய உடம்பு முழுக்க அதிர்ந்தது. அவள் தேடித் திரிந்த காரணம் கண்முன்னால் இருந்தது.

"வா புள்ள. விட்டா உள்ளுக்கு வந்துரும்."

அவருக்குப் பக்கத்தில் சுவர் வெடித்தது. கொஞ்சம் தாழ்வாக. அவள் தலை வரும் உயரத்தில்.

யோசிக்கவில்லை. உட்கார்ந்தாள். தலையை வைத்தாள்.

தொம்.

கண்ணுக்குள் வெள்ளை. பல்லெல்லாம் கூசியது. மெல்லிய பூச்சுக்கு அந்தப் பக்கம் இருப்பதை மண்டை அறிந்தது. மரம் இல்லை. கல் இல்லை. சூடாக இருந்தது. உருண்டையாக இருந்தது.

இன்னொரு தலை.

வாசல் கேற் திறந்தது. மதறஸாவுக்குப் போயிருந்த மகள் நுஸ்ஹாவின் செருப்புச் சத்தம்.

"உம்மா! ஓடக்குள்ள விழுந்துட்டன். ஒண்டுமில்ல, தலையில சின்னதாத்தான் பட்ட."

இருவராலும் எழும்ப முடியவில்லை. போகச் சொல்லிக் கத்த ஸகியா வாயைத் திறந்தாள். அடுத்த அடி விழுந்தது, குரல் வரவில்லை.

"உம்மா, ஆரு மா இடிக்கிற?"

அவர்கள் இருவருக்கும் நடுவில், பிள்ளை வந்து உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், பெயின்ட் மெதுவாக வெடித்தது.