இடப்பக்கக் கண்ணாடி

பைக்கின் இடது கண்ணாடியில் ஜெபசெல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெரோம் திரும்பிப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. எதிர்க்காற்றுக்குக் கண்களை இடுக்கிக்கொண்டு, உதடுகள் இறுக, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"நானா? தூக்கம் வருதுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அன்றுதான் பொன்னேரியில் உதயகுமாரின் கடையில் அந்தக் கண்ணாடிகளை மாட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் இருவரும் வண்டியிலேயே வேளாங்கண்ணி போவதாக இருந்தது. அதற்காக இரண்டு பக்கமும் பெட்டி பொருத்தியதில், பழைய கண்ணாடிகளில் ஜெரோமின் முழங்கையும் பெட்டியின் மூலையும் தவிர எதுவும் தெரியவில்லை. நீளக் காம்பு வைத்ததாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றான் உதயகுமார். வளைந்த கண்ணாடியானால் ரோடு அகலமாகத் தெரியும், ஆனால் எல்லாம் சின்னதாகத் தெரியும். தட்டைக் கண்ணாடியில் இடம் குறைவு, உருவம் உள்ளபடி இருக்கும். ஜெரோம் வலதுக்கு வளைந்ததையும் இடதுக்குத் தட்டையையும் கேட்டான்.

உதயகுமார் அவனை வண்டிமேல் நிமிர்ந்து உட்காரச் சொன்னான். உள் ஓரத்தில் தோள் கொஞ்சமாகத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் ரோடாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் திருப்பி வைத்தான். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்ததும் ஜெரோம் இடதை உள்பக்கம் திருப்பினான். ஜெபசெல்வியின் முகம் கண்ணாடி நிறைய வந்து நின்றது.

"இன்னா பிரதர், லாரியப் பாக்கவா, வூட்டம்மாவப் பாக்கவா?" என்று சிரித்தான் உதயகுமார்.

ஜெரோம் சிரிக்கவில்லை.

அவள் பழவேற்காட்டில் நண்டு கம்பெனி ஒன்றில் எடை போடும் இடத்தில் வேலை பார்த்தாள். போன மழையில் அங்கே சூப்பர்வைசராக இருந்த தாமோதரன் அவளைத் தன் வண்டியில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையில் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், நனைந்த சுடிதாரோடு இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்த விதம் ஜெரோமுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததே அவனுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

கண்ணாடியில் பார்த்த சிரிப்பு அவனுக்கானது அல்ல. அவள் தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்திருந்தாள், காதருகே யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. கல்யாணமான ஆறு வருடத்தில் அவனிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவனே அவளைக் கம்பெனியிலிருந்து அழைத்துவந்தான். ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் அவள் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. காதில் ஏதாவது மாட்டியிருக்கிறாளா என்று வண்டியை நிறுத்தி அவள் முடியை ஒதுக்கிப் பார்த்தான். காதில் கம்மல்தான் இருந்தது. அவள் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் அவளுடைய அக்கா சோபியா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்கரை ரோட்டில் வேறு வண்டி இல்லை. ஒரு பக்கம் சீமைக்கருவேலம் கறுத்து நின்றது, மறுபக்கம் இறால் குட்டைகளில் காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரைச் சளசளவென்று அடித்துக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தோடு சேறும் உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை ஹெல்மெட்டுக்குள் புகுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு குட்டையாகக் கடந்து போகப் போகச் சத்தம் பின்னால் குறையவில்லை. வண்டியோடு சேர்ந்தே வருவதுபோல இருந்தது.

அவன் கண்ணாடியைப் பார்த்தான்.

ஜெபசெல்வி கண்களை மூடியிருந்தாள். அவள் கன்னம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது, ஒரு தோளில் சாய்ந்தால் அமுங்குவதுபோல. அவளுக்குப் பின்னால் சீட்டு முடிந்துவிடுகிறது. அங்கே சாய எதுவும் இல்லை. காற்றில் பறந்த முடியை ஒரு கை வந்து அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. வெளுத்த விரல்கள். நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் நுனிகள் சுருங்கியிருந்தன.

பிரேக் பிடித்ததில் வண்டி மணலில் சறுக்கி நின்றது. திரும்பினான். அவள் மட்டும் இருந்தாள்.

"இறங்கு."

"இன்னாங்க ஆச்சு?"

"யாரு அவன்?"

"எவன்?"

"உன் முடியத் தொட்டவன். தினமும் பாக்குறேன். தினமும் சிரிக்கிற."

அவள் இறங்கினாள். கோபம் இருக்கும் என்று நினைத்தான். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது, அவனைப் பார்த்த பயம்.

"நீங்க என்னை நேரா பாத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? பேசுனாகூட கண்ணாடியப் பாத்துதான் பேசுறீங்க. அதுல தெரியுறது நான் இல்லீங்க."

 அவன் கியர் போட்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினான். அவன் இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள், யார் வந்து அவள் பக்கத்தில் நிற்பான் என்று பார்த்துவிட வேண்டும். அது மட்டும்தான் மனசில் இருந்தது. வளைவுக்கு முன்னால் மதகு ஓரமாக நிறுத்தி, இடது கண்ணாடியை வெளிப்பக்கம் ரோட்டுக்குத் திருப்பினான்.

மங்கிய ரோட்டில் அவள் தனியாக நின்றாள். யாரும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

ஜெரோமுக்குள் ஏதோ அவிழ்ந்தது. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். குட்டைகளில் சக்கரங்கள் தண்ணீரை அடித்தன. கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. வண்டியின் பின்பக்கம் அழுந்தியது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"மன்னிச்சுடு செல்வி," என்றான்.

பதிலுக்கு இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. கன்னம் முதுகில் படிந்தது. கல்யாணமான புதிதில்தான் அவள் அப்படி உட்காருவாள். அவனுக்குக் கண் கலங்கியது. வண்டியை மெதுவாக எடுத்தான். அவள் அவனுடையவள். அவனுடையவள் மட்டும்.

வளைவில் திரும்பும் முன், பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தான்.

ரோட்டில் ஜெபசெல்வி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

வெகுதூரத்தில். கையைத் தூக்கி ஆட்டியபடி. வாய் திறந்திருந்தது. அவன் பெயரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

சட்டை நனைந்துகொண்டிருந்தது. முதுகிலிருந்து. குளிர்ச்சியாக.

பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"கண்ணாடியப் பாக்காதீங்க," என்றது ஜெபசெல்வியின் குரல், காதுக்கு மிக அருகில். "அவள எதுக்குப் பாக்குறீங்க?"

அவன் பார்த்தான். அவள் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓடினாள். சின்னதாகிக்கொண்டே போனாள்.

அவன் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. வெளுத்த விரல்கள் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்தன. மெதுவாக உள்பக்கம் திருப்பின. ரோடு நகர்ந்தது. ஏரி நகர்ந்தது. ஜெபசெல்வி ஓரத்துக்குப் போய், இல்லாமல் போனாள்.

கண்ணாடியில் அவன் தோள் வந்தது. தோள்மேல் பதிந்த மோவாய் வந்தது. அவளுடைய உதடுகள். அவளுடைய மூக்கு. நெற்றியில் ஒட்டிய ஈர முடி.

கண்கள் மட்டும் இன்னும் வரவில்லை.