கரண்டிக்குப் பின்னால் ஒரு முகம்

மகள் ஊட்டிய கஞ்சியை விழுங்கிவிட்டு, "நர்ஸம்மா, உங்க டூட்டி எப்ப முடியும்?" என்று கேட்டார் ஹெர்மன் மோத்தா.

"முடியாதுப்பா," என்றாள் பெலிசிட்டா.

அவர் பரிதாபத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்கேற்றும் பளுதூக்கி ஓட்டியவர், ஷிஃப்ட் முடியாத அலுப்பு என்னவென்று அவருக்குத் தெரியும். பெலிசிட்டா அவர் வாயைத் துடைத்துவிட்டு, கூடத்தில் காத்திருந்த வடிவைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவருடைய காதுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு நினைவுத்தேடி பொருத்தப்பட்டிருந்தது. மறதி நோய்க்காரர்கள் எல்லாருக்கும் இப்போது அது உண்டு. நோய் நினைவுகளை அழிப்பதில்லை, அவற்றுக்குப் போகும் வழிகளைத்தான் அழிக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் விருது வாங்கிவிட்டுப் போய்விட்டார்கள். தேடியின் வேலை எளிமையானது. ஒரு முகத்தையோ குரலையோ கண்டதும் மண்டைக்குள் கிடக்கும் லட்சக்கணக்கான நினைவுப் பக்கங்களைத் துழாவி, வரிசையில் முதலில் நிற்பதை எடுத்து நீட்டும். முதலில் நிற்பது எது? மற்றப் பக்கங்கள் அதிகமாகச் சுட்டிக் காட்டும் பக்கம். வெளியிலிருந்து ஒருத்தி நான்தான் உங்கள் மகள் என்று சொன்னாலும், போட்டோ காட்டினாலும், அழுதாலும், தேடி அதைச் சட்டை செய்யாது. இணைப்பு உள்ளேயிருந்து உள்ளே போக வேண்டும்.

அந்த உள்ளிணைப்புகளைப் போட்டுக்கொடுக்கும் இணைப்பாளர் வேலைதான் வடிவின் பிழைப்பு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நினைவைக் கிளற வேண்டும். அது சூடாக இருக்கும்போதே இன்னொன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். போன தடத்தை நினைவுத்தேடி குறித்துக்கொள்ளும். பலமுறை போய்வந்தால் தடம் பாதையாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு வெட்டி அரட்டை போலத் தெரியும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வடிவுக்கு மண்டை கனக்கும். தனியாக இருக்கும் அவளுடைய சமையற்கட்டில், அவள் பொரிக்காத மீனின் வாசம் அடிக்கும். அது யாருடைய மீன், எந்த வீட்டு அடுப்பு என்றெல்லாம் யோசிப்பதை அவள் நிறுத்திப் பல காலம் ஆகிறது.

"உங்க அண்ணனுக்கும் நான்தான் போட்டுக்குடுத்தேன். தெரியும்லா?" என்றாள் வடிவு.

"தெரியாம என்ன? அதுக்குத்தான் உங்களையே கூப்ட்டேன். அவன் வழிய எங்கங்க போட்டீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அண்ணன் ரெக்ஸ்லின் கோயம்புத்தூரில் இருந்தான். சுவர்த்திரையில் அவன் முகம் தெரிந்த மாத்திரத்தில் ஹெர்மன் மோத்தா, "ஏல ரெக்ஸு, வாடே!" என்று எழுந்து நிற்கப் பார்ப்பார். கடல்காற்று, சைக்கிள் மணி, ஈஸ்டர் காலத்துப் பாஸ்கா நாடகம் என்று எதைத் தொட்டாலும் மகனில் போய் முடியும்படி வடிவு முன்பே இழுத்துக் கட்டியிருந்தாள். நல்ல வேலைதான். அதே வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, படுக்க வைக்கிறவள் மட்டும் நர்ஸம்மா ஆகிவிட்டாள்.

இப்போது அண்ணன் அப்பாவைக் கோயம்புத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க விண்ணப்பம் போட்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. தங்கச்சி எத்தனை காலத்துக்குத்தான் தூக்கிச் சுமப்பாள் என்பது அவன் நியாயம். இப்படி வழக்கு வந்தால் அதிகாரி வீட்டுக்கு வந்து நோயாளியிடமே கேட்பார். நினைவுத்தேடி பொருத்தப்பட்டவர்களின் வாக்குமூலம் செல்லும் என்பது சட்டம். நோயாளி யாரைச் சொல்கிறாரோ, அவரே பாதுகாவலர். ஈஸ்டர் கழிந்ததும் அதிகாரி வருவதாக இருந்தது.

"அண்ணன் பேரத்தான் சொல்லுவாரு," என்றாள் பெலிசிட்டா. "சொன்னா பெட்டியக் கட்டிருவாவ. எங்க அம்ம செத்த வீடு, நான் பொறந்த வீடு. நர்ஸம்மா, போயிட்டு வாரேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போவாரு பாருங்க, அத என்னால தாங்க முடியாது."

வடிவு கிழவரின் நெற்றியில் தேடியைப் படிக்கும் பட்டையைக் கட்டி, கைப்பலகையில் அவருடைய நினைவு வரைபடத்தை விரித்தாள். புள்ளிகளும் கோடுகளுமாக அது ஒரு மீன்வலை போலக் கிடந்தது. பெலிசிட்டாவின் பெயரைக் கொடுத்துத் தேடினாள். ஒரே ஒரு புள்ளி, அதுவும் மங்கலாக.

"ஒண்ணுதானா? தெனமும் மூணு நேரம் ஊட்டுதேன். வருசக்கணக்கா."

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரே மாதிரி இருக்கிற பக்கங்கள இந்தத் தேடி ஒண்ணா மடக்கிரும். இடத்த மிச்சம் பிடிக்கிறதுக்கு. அண்ணன் வருசத்துக்கு ஒருக்க வந்தாலும் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. வேற சட்ட, வேற பலகாரம், வேற சண்ட. அதனால ஒவ்வொண்ணும் தனிப் பக்கம்."

பெலிசிட்டா அந்தப் புள்ளியைத் திறக்கச் சொன்னாள். வடிவுக்குத் திறக்க மனமில்லை, ஆனாலும் திறந்தாள். திரையில் ஒரு கரண்டி வந்தது. கரண்டியில் கஞ்சி. அதைப் பிடித்திருக்கும் விரல்கள். அதற்கு மேலே ஒன்றுமில்லை. ஊட்டும்போது அவர் கரண்டியைத்தான் பார்த்திருக்கிறார்.

வடிவு புள்ளியை மூடினாள்.

"நாளைலேந்து வேற மாதிரி ஏதாவது செய்யுங்களேன்," என்றாள் வடிவு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வேற மாதிரின்னா? குளிப்பாட்டாம விடவா?"

அவள் கோபமாகத்தான் கேட்டாள், ஆனால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஹெர்மன் மோத்தாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு வடிவைப் பார்த்து, "சாப்ட்டியாம்மா? ஒம்பேரு என்ன?" என்றார்.

இணைப்பாளர் நோயாளியின் மனதில் தங்கக் கூடாது என்று பயிற்சியிலேயே படித்துப் படித்துச் சொல்வார்கள். எப்போதும் அதே சாம்பல் கோட்டு, வாசனையில்லாத சோப்பு, சொந்தக் கதை பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. வடிவு இத்தனை வருஷமாக அதைத் தவறாமல் கடைப்பிடித்தவள். இந்த வீட்டில் ரெக்ஸ்லினுக்காக வேலை பார்த்தபோதும் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் அவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று யார் கேட்டார்கள்? கைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "வடிவு," என்று சொல்லிவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் முழுக்க வேலை நடந்தது. வாரத்தில் பல நாள் வடிவு வந்தாள். பெலிசிட்டாவைப் பற்றிய தனிப் பக்கம் ஒன்றாவது கிடைக்காதா என்று வலையின் மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. எந்தப் பக்கமும் சுட்டாமல், வலையை விட்டுத் தனியே கிடந்த அநாதைப் பக்கம். பளுதூக்கியின் உச்சி அறை. கீழே கப்பல்கள் தீப்பெட்டி போலக் கிடக்கின்றன. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி அவர் மடியில் உட்கார்ந்து கத்துகிறாள், பிறகு அவர் சீருடை முழுக்க வாந்தி எடுக்கிறாள். அவர் சிரிக்கிறார். அவளுடைய முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"சட்டப்படி பிள்ளைகள மேல ஏத்தக் கூடாது. அப்பாவ சஸ்பெண்ட் பண்ணாவ," என்றாள் பெலிசிட்டா. அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "நான் மறந்தே போயிட்டேன். இவரு வச்சிருக்காரு பாருங்களேன்."

வடிவு எல்லாவற்றையும் அந்தப் பக்கத்துக்கு இழுத்தாள். கஞ்சியின் சூட்டிலிருந்து அங்கே ஒரு பாதை. குளியல் தண்ணீரிலிருந்து ஒன்று. கோயில் மணியிலிருந்து, கருவாட்டு வாசத்திலிருந்து, கரண்டியிலிருந்து. "ஐயா, இந்தச் சூடு எத ஞாபகப்படுத்துது? அன்னைக்கு உங்க மடியில யாரு இருந்தா?" என்று ஓயாமல் கேட்டாள். தொண்டை வறண்டது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் பதில் சொன்னார். குருத்தோலை ஞாயிறு வந்தபோது ஒரு தடவை, கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மகளைப் பார்த்து அவர் புருவத்தை நெரித்து, "பெலி?" என்றார்.

பெலிசிட்டா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

அன்றைக்கு வடிவு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வடிவு இல்லாத நாட்களில் அவர் பெலி என்று சொன்னாரா என்பதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பெலிசிட்டாவும் சொல்லவில்லை. கிடைத்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்திருக்கலாம்.

ஈஸ்டர் கழிந்து அதிகாரி வந்தார். ரெக்ஸ்லின் காலை ரயிலிலேயே வந்து இறங்கியிருந்தான், கையில் வழியில் வாங்கிய, அப்பாவுக்குப் பிடித்த மக்ரோன் இனிப்பு டப்பா. பெலிசிட்டா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். சட்டப்படி இணைப்பாளரும் இருக்க வேண்டும் என்பதால் வடிவு சாம்பல் கோட்டோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அதிகாரியும் அலுத்த மனிதர்தான். அன்றைக்கு அவருக்கு இது எத்தனையாவது வீடோ.

"ஐயா, நல்லாப் பாருங்க. இங்க இருக்கிறவங்கள்ல நீங்க யார்கூட இருக்கணும்?"

ஹெர்மன் மோத்தா மகனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்தார். அதுவும் மலர்ந்தது. பிறகு இருவரையும் தாண்டி, வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"இன்னா நிக்கால்லா எம்பிள்ள. வடிவு. அவகூடத்தான்."

"அப்பா, அது இணைப்பாளர்ப்பா!" என்று ரெக்ஸ்லின் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அதிகாரி கைப்பலகையை வாங்கி வரைபடத்தை விரித்தார். மகனிடம் போகும் பாதைகள் ஒருபுறம், மகளிடம் போகும் பாதைகள் மறுபுறம், இரண்டும் தடித்துத் தெளிவாகவே இருந்தன. ஆனால் எல்லாமே நடுவில் ஒரு பெரிய புள்ளியில் நுழைந்து வெளியே வந்தன. அவர் அதைத் திறந்தார். சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு பெண் சற்றே குனிந்து, யாரு இருந்தா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் மகனையும் மகளையுமே தேடிய வடிவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு இணைப்பைப் போட்ட நேரமும் அவருக்கு ஒரு நினைவுதானே. கேட்டவள் அவள், அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை. கோட்டு அதே கோட்டு, குரல் அதே குரல், அதனால் அத்தனை நாட்களையும் நினைவுத்தேடி ஒரே பக்கமாக மடக்கிவிட்டது. மடக்கியது கரண்டியைப் போலத்தான். ஆனால் அந்தக் கரண்டியை அப்போது எதுவும் சுட்டவில்லை. இந்தப் பக்கத்தை எல்லாமே சுட்டின. பெயர் தெரியாதிருந்தால் அது வெறும் முகமாகவே கிடந்திருக்கும். பெயரையும் அவளே கொடுத்திருந்தாள்.

"அந்தப் புள்ளிய அழிச்சிரலாம் சார்," என்றாள்.

"அழிச்சா?"

"அது வழியாத்தான் எல்லாம் போகுது. அழிச்சா ரெண்டு பேருமே அவருக்கு இல்லாமப் போயிருவாங்க."

ரெக்ஸ்லின் தங்கச்சியைப் பார்த்தான். பெலிசிட்டா தரையைப் பார்த்தாள். அழிக்கச் சொல்லி இருவரும் கேட்கவில்லை.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பாதுகாவலர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார். வடிவிடம் சம்மதம் கேட்டார். சொந்த வீட்டில் தனக்கென்று ஒரு பூனைகூட வைத்துக்கொள்ளாத வடிவு, வேறு வழி தெரியாமல் தலையை ஆட்டினாள். நோயாளி இந்த வீட்டிலேயே இருக்கலாம், இணைப்பாளர் தினமும் வந்துபோக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். ரெக்ஸ்லின் மக்ரோன் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனான்.

பெலிசிட்டா கேட்டது கிடைத்துவிட்டது. அப்பா எங்கேயும் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் நல்ல சேலையோடு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். ஹெர்மன் மோத்தா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வடிவின் கையைத் தொட்டு, ரகசியம் போலக் கேட்டார்.

"வடிவு, அது எம்மவ பெலிதான? ஏன் மொகம் வாடி நிக்கா? சாப்ட்டாளான்னு கேளு."

பெலிசிட்டா நாலு அடி தள்ளித்தான் நின்றாள். இருந்தாலும் வடிவு திரும்பிக் கேட்டாள்.

"சாப்ட்டீங்களான்னு கேக்காவ."

"இல்லன்னு சொல்லுங்க," என்றாள் பெலிசிட்டா. "ரொம்ப நாளா யாரும் கேக்கல, அதான் சாப்பிடலன்னு சொல்லுங்க."

வடிவு சொன்னாள். கிழவருக்கு மனசு பொறுக்கவில்லை. "மொதல்ல அவளுக்குப் போடு, மொதல்ல அவளுக்குப் போடு," என்று பதறினார். வடிவு சாம்பல் கோட்டின் கையை மடக்கிவிட்டு, தட்டெடுத்து வைத்து, சட்டியிலிருந்து கரண்டியால் சோறு எடுத்துப் போட்டாள். பெலிசிட்டா உட்கார்ந்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.